தண்ணீருக்குள் போன பேச்சு

செங்கோடனின் குரல் காணாமல் போய்ப் பதினோரு நாட்கள் வரை அது யாருக்கும் தெரியவில்லை, செங்கோடனுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பதினோரு நாட்களில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் அவர் தலை தெரிந்ததுமே சர்க்கரை குறைவான டீ ஒன்று தானாக வந்தது. மாதம் ஒருமுறை நாமக்கல்லிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் அக்கா வழக்கம்போல் இருபது நிமிடம் தன் முழங்காலைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிவிட்டு, "செரி சாமி, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள், தம்பி நடுவில் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது அவள் கவனத்துக்கு வரவில்லை, அவன் பேசுவதற்கான இடைவெளியை அவள் எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் கோரைத்திட்டு என்ற ஊருக்கு அவர் தை மாதத்தில் வந்திருந்தார். வயது நாற்பத்தேழு, திருமணம் ஆகவில்லை, இருபத்திரண்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை, பார்த்த பிறகு வேறெதையும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவர் எண்ண வந்தது கடல்பன்றிகளை. பெயர் அப்படியென்றாலும் பன்றிக்கும் அதற்கும் தோலடிக் கொழுப்பைத் தவிர வேறு உறவு கிடையாது. ஓங்கில் எனும் டால்பினுக்குச் சிற்றப்பன் பிள்ளை என்று சொல்லலாம், ஆனால் ஓங்கிலைப் போலத் துள்ளாது, படகோடு ஓடி வராது, முதுகில் துடுப்புகூட இல்லாததால் மூச்சுவிட மேலே வரும்போது ஈரமான ஒரு சாம்பல் நிறத் தேங்காய் போல ஒரு நொடி தெரிந்து மறையும், அதைப் பார்த்தவர் பார்த்தேன் என்று சத்தியம் செய்யத் தயங்குவார். அது எழுப்பும் ஒலியோ நொடிக்கு ஒன்றேகால் லட்சம் அதிர்வு, மனிதக் காது இருபதாயிரத்தோடு கைகழுவிவிடும். கண்ணுக்கும் சரியாகப் படாத, காதுக்கும் எட்டாத ஒரு உயிரை எண்ணுவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதரைப் பற்றி ஊருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவரை அது "பன்னி சார்" என்று கூப்பிட்டது, மரியாதையோடுதான்.

தினமும் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அவர் ஊர்க் குடிநீர்த் தொட்டியின் மேல் நின்று தொலைநோக்கியால் விரிகுடாவைப் பார்த்தார், பத்து நிமிடம் பார்ப்பதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடுவதுமாக. விரிகுடாவின் வாயில் ஒரு மூங்கில் கம்பத்தின் அடியில், முழங்கை நீள வெள்ளைக் குழாய் ஒன்று கட்டப்பட்டு, தண்ணீருக்குள் கேட்கும் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதை எடுத்து, கணினியில் ஏற்றி, கேட்க முடியாத ஒலிகளைக் கோடுகளாகப் பார்ப்பார். குழாயின் கணக்குப்படி விரிகுடாவில் எட்டோ ஒன்பதோ கடல்பன்றிகள் இருந்தன. கண்ணின் கணக்குப்படி ஒன்றுகூட இல்லை. தாளில் "பார்த்தது" என்ற கட்டத்தில் தை மாதத்திலிருந்து வரிசையாகச் சுழியம் எழுதிக்கொண்டு வந்தார், ஒவ்வொரு சுழியத்தையும் முழு வட்டமாக, ஒழுங்காக.

தொட்டியின் மேல் நிற்கும்போது அவர் தனக்குத்தானே பேசுவார். அந்தப் பேச்சுதான் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரை விட்டுக் கடலுக்குள் போனது. தனக்குத்தானே பேசுகிறவர்கள் தங்கள் குரலைக் காதால் கேட்பதில்லை என்பதால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். கோரைத்திட்டில் முப்பது பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாறையில் கடல்பாசி பறிப்பவர்கள். பதினோராம் நாள் அவர்களில் இருவர், ஈரம் சொட்டச் சொட்டத் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் திரவியம், பெண்கள் குழுவின் தலைவி, நாற்பதைத் தாண்டியவள், கணவன் மறுகரைக்குப் போய் ஒன்பது வருடமாகத் திரும்பாதவன். பின்னால் வந்தவள் இருளாயி, அவளோடு ஒரே பாறையில் முங்குபவள்.

"என்ன சார் இது அநியாயம்" என்றாள் திரவியம். "அரசாங்கம் தீவுப் பக்கம் போகாதே, அங்க முங்காதே, இங்க முங்காதேன்னு கரையில மைக் வச்சுக் கத்துறது பத்தாதுன்னு, தண்ணிக்குள்ளயும் மைக் செட்டு போட்டாச்சா?"

செங்கோடன் இல்லை என்று சொன்னார். உதடு அசைந்தது.

"பதினோரு நாளா கேக்குறோம். 'ஒண்ணு. இல்ல. அலை. ஒண்ணு. இல்ல. அலை.' முங்குனா இதே பாட்டு. என்ன எண்ணுறீக, எங்க தலையவா?"

செங்கோடன் மறுபடி விளக்கினார், இந்த முறை கைகளோடு, நீளமாக. ஒலி வரவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தார். இருமினார், இருமல் கேட்டது. பெயரைச் சொன்னார்; கேட்கவில்லை.

இருளாயி அவர் உதட்டைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அரசாங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவருதான். இவரு பேச்சு தண்ணிக்குள்ள எறங்கிருச்சு."

"அப்படியா" என்றாள் திரவியம். கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்காத சலிப்பு மட்டும் அவள் முகத்தில் இருந்தது. "செத்த இருங்க சார். நான் போயி முங்குறேன். இப்ப சொன்னத அப்படியே இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டே கரையிலிருந்து கத்தினாள்: "வெளங்குச்சு சார். தப்பு ஒங்க மேல இல்ல."

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் வியப்பு எதுவும் இல்லை, புதிதாக ஒரு பேருந்து நிறுத்தம் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் இரண்டு நாள் சோதனைகள் நடந்தன. ஓர் அண்டாவில் கடல்நீரை மொண்டு வந்து டீக்கடை வாசலில் வைத்து, ஆளுக்கு ஆள் தலையை முக்கிப் பார்த்தார்கள்; தங்கள் காது அடைப்பதுதான் கேட்டது. கடலோடு சேர்ந்திருக்கும்வரைதான் தண்ணீருக்கு அந்தக் குணம் என்று முடிவாயிற்று. கரையோரம் கேட்கும் அளவிலேயே அவர் குரல் விரிகுடாவின் வாயிலும் கேட்டது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொற்கள் மட்டுமே போயிருந்தன. தும்மலும் குறட்டையும் நிலத்திலேயே தங்கிவிட்டன. பிழைப்புக்கு வேண்டியதைக் கடல் எடுத்துக்கொண்டது, வேண்டாததை விட்டுவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். படகில் போகிறவர்கள் துடுப்பின் கட்டையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் ஒட்டிவைத்து மீன் கூட்டத்தின் இரைச்சலைக் கேட்பது அங்கே வழக்கம். இப்போது அதே துடுப்பில் பன்னி சாரும் கேட்டார்.

செங்கோடன் தலைமை அலுவலகத்துக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்றும், மேற்படி குரல் அலுவல் நேரத்தில் மட்டும் கடலில் கேட்கிறதா அல்லது விடுமுறை நாட்களிலும் கேட்கிறதா எனத் தெளிவுபடுத்தவும் என்றும் அதில் இருந்தது.

ஊர்த் தலைவர் நம்புராஜன் அலுவலகத்தைவிட விரைவாகச் சிந்திப்பவர். ஏணியில் ஏற முடியாத உடம்பு, கீழேயிருந்தே பேசினார்.

"சார், மைக் செட்டு கரையோட நின்னுரும். ஒங்க பேச்சு வலை போட்ட எடம் வரைக்கும் வருது. இத சும்மா விடலாமா?"

அப்படியாகச் செங்கோடன் ஊரின் அறிவிப்பாளர் ஆனார். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்றும், ரேஷனில் பாமாயில் முடிந்துவிட்டது என்றும், தென்மேற்கே மேகம் கறுக்கிறது என்றும், சந்தியாகுவின் ஆடு கிடைத்துவிட்டது, இனி யாரும் தேட வேண்டாம் என்றும் அவர் சொல்ல, மூன்று மைல் தூரத்தில் துடுப்பைக் காதில் வைத்திருந்த சந்தியாகு வலையை இழுக்க மறந்து சிரித்தார். இருபது வருட வேலையில் முதல்முறையாகச் செங்கோடனைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஏணியடியில் காத்திருந்தார்கள். வரும்போது கையில் நாலு மீனோ ஒரு பை நண்டோ இருந்தது. அவரைக் கேலி செய்தார்கள், அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நேத்து பாமாயில்னு சொன்னதுல ஒரு சோகம் இருந்துச்சே சார், என்ன சங்கதி?"

"எலேய், பன்னி சாரு வாசிச்சா ரேஷன் பட்டியலும் நியூஸ் மாதிரி இருக்கு."

பெண்கள் வேறு ஒன்று கேட்டார்கள். திரவியம்தான் வந்து சொன்னாள்: "நாங்க முங்குற நேரம் பூரா என்னத்தயாச்சும் பேசிக்கிட்டே இருங்க. எதுன்னாலும் சரி."

அவர் பேசினார். செய்தித்தாள் வாசித்தார். நாமக்கல்லில் தங்கள் தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, அது தண்ணீரைத் தொடும்வரை எண்ணிக்கொண்டிருந்த சிறு பிராயத்தைச் சொன்னார். பாலூட்டிகளின் வகைப்பாட்டைப் பற்றி நாற்பது நிமிடம் சொற்பொழிவாற்றினார். கேட்பவர்கள் தண்ணீருக்குள் இருந்ததால் யாராலும் குறுக்கே பேச முடியவில்லை, அவர் முழுதாக முடித்த முதல் சொற்பொழிவு அதுதான். மறுநாள் இருளாயி, "திமிங்கலத்துக்குக் கால் எலும்பு உள்ள கெடக்குன்னீகளே, அது நெசமா சார்?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியதை அவள் வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருபத்து மூன்று நாள். குழாயை எடுக்க வேண்டிய தேதி வந்து, ஒரு வாரம் தள்ளிப்போயும் விட்டது, ஏனென்றால் அவருக்கு நேரமில்லை. நேரமில்லை என்று சொல்வதில் ஒரு இனிமை இருப்பதை அவர் அப்போதுதான் கண்டார். பிறகு எடுத்துக் கணினியில் ஏற்றினார். பேச்சு போவதற்கு முந்திய வாரம் கடல்பன்றிகளின் ஒலித்தொடர் நானூற்றுப் பன்னிரண்டு. அவர் அறிவிப்பாளரான வாரம் முப்பத்தேழு. அதன் பிறகு ஒன்றும் இல்லை. கோடு கோடாக அவருடைய குரல் மட்டும், விடியலிலிருந்து அந்திவரை. இயற்பியலின்படி இது நடக்கக் கூடாது, மனிதக் குரல் மிகத் தாழ்ந்த அதிர்வு, அவற்றின் ஒலியை அது மறைக்காது, ஒன்றின் மேல் ஒன்று படவே படாது. இதை அவர் ஒரு தாளில் சமன்பாட்டோடு எழுதிப் பார்த்தார், சமன்பாடு சரியாக வந்தது. ஆனால் அவை போயிருந்தன. ஓயாமல் பேசும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்க விரும்பாதவர்கள் சமன்பாடு கேட்டுவிட்டா வீடு மாற்றுகிறார்கள்?

விரிகுடாவுக்கு வெளியே இழுவைப் படகுகள் ஓடும் கடல். அது அவருக்குத் தெரியும்.

குழாயை எடுத்த நான்காம் நாள் காலை இருளாயியும் வேறு இரு பெண்களும் பாசிச் சாக்கில் ஒன்றைத் தூக்கி வந்து தொட்டியடியில் கிடத்தினார்கள்.

"வெளிக்கடல்ல வலையில மாட்டிச் செத்து ஒதுங்கிருக்கு சார். ஒங்களுதான்."

அவர் கண்ணால் பார்த்த முதல் கடல்பன்றி அது. முகம் உருண்டையாக, வாய் ஓரம் மேலே வளைந்து, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல இருந்தது. அவர் மண்டியிட்டு, நாடாவை எடுத்து, பழக்கத்தின்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளந்தார். கரையில் நின்றவர்களுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் இருந்த இருபத்தேழு பெண்களும், துடுப்பில் காது வைத்திருந்தவர்களும் கேட்டார்கள்: நீளம் நூற்று இருபத்தொரு சென்டிமீட்டர். ஆண். இளம் வயது. பல் தேய்வில்லை. வயிறு ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் வலை அறுத்த தடம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். யாரும் மறுபடி முங்கவில்லை.

அன்று அவர் கடைசியாக ஒரு அறிவிப்பைச் சொன்னார், தன் பேச்சால் கடல்பன்றிகள் வெளிக்கடலுக்குப் போய்விட்டன, அதனால் நாளையிலிருந்து தான் பேசப்போவதில்லை என்று. திரவியம் அதைக் கேட்டுவிட்டு நேராக ஏணியில் ஏறி வந்தாள்.

"எத்தன நாளைக்கு?"

அவர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: அவை திரும்பி வந்து இங்கே இருக்கும்வரை.

"திரும்பி வரும்னு என்ன நிச்சயம்?"

அவர் பென்சிலைத் தாளில் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன் சார், கேட்டுக்கங்க, பதில் வேணாம். முப்பது பேரு ஒண்ணாப் போறோம்னு ஊரு நெனைக்கும். முங்கிட்டா ஆளுக்கு ஒரு கடலுதான். என் மூச்சு எனக்கு, அவ மூச்சு அவளுக்கு. பதினாறு வயசுலேருந்து அப்படித்தான். இந்த ஒரு மாசந்தான் உள்ள ஒரு ஆளு இருந்தாரு." அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பன்னிக்காக எங்கள விடுறீக. விடுங்க. அதுக்கும் போக வேற எடம் இல்லையே."

அவள் இறங்கிப் போன பிறகும் அவர் பென்சிலைத் தாளில் வைத்தபடியே நின்றார். புள்ளி ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்.

அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டது போலவே ஊர் அவருடைய மௌனத்தையும் எடுத்துக்கொண்டது, இன்னும் சுலபமாக. நம்புராஜன் பழைய மைக் செட்டைத் துடைத்து மாட்டினார். ஏணியடியில் ஆட்கள் நிற்பது நான்கு நாளில் நின்றது. டீ தானாக வந்தது. தண்ணீர் லாரி வந்தது கடலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போனது, முன்பும் தெரியாமல்தான் போய்க்கொண்டிருந்தது. தொட்டியின் மேல் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். 'ஒன்று, இல்லை, அலை' என்பதைக்கூட மனதுக்குள் சொல்லிக்கொண்டார், தூக்கத்தில் ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்று வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தார். யாரும் கேட்காத நேரத்திலும் பேசாமல் இருப்பது, கேட்பார் இல்லாமல் பேசுவதைவிடக் கடினம் என்று தெரிந்துகொண்டார். அக்கா அழைத்தாள், முழங்கால் தேவலை என்றாள்.

பதினைந்தாம் நாள் குழாயை எடுத்து வந்தார். முதல் மூன்று நாள் வெறும் அலை, பாறையில் சொடுக்கும் இறால்கள். நான்காம் நாள் விடியலில் ஒரு தொடர். பிறகு இரண்டு. எட்டாம் நாளில் நெருக்கமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கோடுகள் புல்லைப் போல முளைத்திருந்தன. அவை திரும்பியிருந்தன. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், ஐந்து நிமிடம், விதிப்படி.

கண்ணைத் திறந்தபோது, அந்தக் கோடுகளுக்கு வெகு கீழே, மனிதக் குரல் இருக்கும் உயரத்தில் ஒரு சிறு கறை தெரிந்தது. அவர் பேசிவிட்டாரா? தூக்கத்திலா? காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டார். குமிழிகள் உடைந்தன, அவற்றுக்கு நடுவே ஒரு பெண் குரல், குழாயின் மேல் வாயை வைத்துப் பேசுவது போல:

"சார், ரெண்டு. கம்பத்துக்குக் கெழக்க."

மறுநாள் அதே நேரம்: "அஞ்சு சார். மெதுவாத்தான் போகுது."

அதற்கடுத்து: "ஒம்பது. ஒரு குட்டி இருக்கு. தாய் முதுகுல ஒட்டிக்கிட்டே போகுது, எறங்க மாட்டேங்குது."

மேலேயிருந்து அவர் பார்க்க முடியாததைத் திரவியம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாள்களை எடுத்தார். ஒரு சிக்கல் வந்தது: இது கண்ணால் கண்ட சாட்சி, ஆனால் வந்து சேர்ந்தது ஒலிப்பதிவுக் குழாய் வழியாக, "பார்த்தது" என்ற கட்டத்தில் எழுதுவதா, "கேட்டது" என்ற கட்டத்திலா? அவர் இதை அரை மணி நேரம் யோசித்தார். பிறகு தை மாதத்திலிருந்து சுழியமாகக் கிடந்த கட்டங்களில், உரிய தேதிகளுக்கு நேராக, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று எழுதி, பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் முழுப்பெயரை, மரிய திரவியம் என்று எழுதினார்.

அதன் பிறகுதான் அவர் பதிவை இறுதிவரை ஓடவிட்டார். எண்ணிக்கையைச் சொல்லி முடித்ததும் அவள் மேலே போய்விடவில்லை. குமிழி அடங்கிய பிறகு, மிச்சமிருந்த மூச்சில், இன்னும் ஒன்று கேட்டிருந்தாள்.

"சாப்டீகளா சார்?"

பிறகு அமைதி. அவள் அங்கேயே இருந்தாள் என்பது சட்டைத் துணி தண்ணீரில் அசையும் ஓசையில் தெரிந்தது. பேசிச் செலவழித்த பிறகு நெஞ்சில் எவ்வளவு காற்று மிஞ்சுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, காலை உதைத்து மேலே போனாள். அவர் அந்த இடைவெளியை அளந்தார், அளப்பதைத் தவிர வேறு எதையும் செய்யத் தெரியாத மனிதர். பத்தொன்பது நொடி. மறுநாள் அதே கேள்வி, இருபது நொடி. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கடலுக்குப் போவதில்லை, அன்று மட்டும் இல்லை. அதற்கடுத்த நாள் இருபத்தாறு. நேற்றைக்கு முப்பத்தொன்று. முப்பத்தொன்றாவது நொடியின் முடிவில் அவள் மேலே போன வேகத்தில் கால் கம்பத்தில் இடித்தது, குழாயே அதிர்ந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் தொட்டியின் மேல் இருந்தார். பெண்கள் சட்டையும் கண்ணாடியுமாகத் தண்ணீருக்குள் நடந்து போனார்கள். ஒருத்தி மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, விரிகுடாவின் வாய்ப் பக்கம் நீந்திப் போனாள். தொலைநோக்கியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு இழுப்பது தெரிந்தது. தலை மறைந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே போக எட்டு நொடி. எண்ணிக்கையைச் சொல்ல ஆறு. கேள்விக்கு இரண்டு. அங்கே அவளைச் சுற்றி ஒன்பது உயிர்கள் இருக்கலாம், ஒன்று தாயின் முதுகில்.

இடைவெளி தொடங்கியது. ஐந்து. பத்து. பதினைந்து. அவர் உதட்டைத் திறந்தார், மூடினார். இருபது. இருபத்தைந்து. முப்பது. பதிவிலிருந்த கடைசி அளவு கடந்தது. அவள் வரவில்லை. முப்பத்து நான்கு.

"சாப்பிட்டேன்" என்றார் செங்கோடன், முடிந்தவரை மெதுவாக.

தொட்டியின் மேல் எதுவும் கேட்கவில்லை. கம்பத்தருகே தலை எழுந்தது. திரவியம் கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்து, நெடுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, மற்றவர்கள் இருந்த பாறையை நோக்கி நீந்திப் போனாள்.

அவர் தாளை எடுத்தார். இடையூறு என்று ஒரு கட்டம் அதில் உண்டு, படகு, வலை, வெடி என்று எதையாவது எழுதுவதற்கு. காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம், மனிதக் குரல், ஒரு சொல், ஒரு நொடிக்கும் குறைவு என்று எழுதினார். கடல்பன்றிகள் அதற்கு என்ன செய்தன என்பது தெரிய இன்னும் பதினான்கு நாள் இருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அதை எழுதக் கட்டம் இல்லாததால், பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, பதினொரு மணி ஆவதற்கு முன்பே, இறங்கிப் போனார்.